பள்ளி: ஒரு கற்படுக்கையின் பெயர்

சோழவந்தான் என்ற பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சோழன் வந்தான் என்று ஒரு செவிக்குக் கேட்கும். சோழன் உவந்தான் என்று இன்னொரு செவிக்குக் கேட்கும். வைகைக் கரையின் வயலையும் தென்னந்தோப்பையும் வெற்றிலைக் கொடிக்காலையும் கண்டு சோழன் ஒருவன் மனம் உவந்தான், ஊருக்கு அதுவே பெயராயிற்று என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். கல்வெட்டு காட்டும் வழி வேறு. பாண்டியர் காலத்தில் இந்த வட்டாரம் பாகனூர்க் கூற்றம். அதனுள் இருந்த பெரிய பிரமதேயம் சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம். சோழாந்தகன் என்பது பத்தாம் நூற்றாண்டு வீரபாண்டியன் சூடிக்கொண்ட பட்டம். அந்தகன் என்றால் எமன். ஆக, சோழனுக்கு எமனானவன் என்று பொருள்படும் ஒரு பெயர், ஆயிரம் ஆண்டு நாவில் உருண்டு ககரம் தேய்ந்து வகரம் ஏறி, சோழனே மகிழ்ந்து வந்த ஊராகிவிட்டது. பகைவனைக் கொன்ற பெருமிதம் பகைவனை வரவேற்கும் இன்முகமாக மாறியிருக்கிறது. மாற்றியவர் யார் என்று ஒருவரையும் சுட்ட முடியாது, பேசியவர் எல்லோரும் மாற்றியிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் பெயரைப் பற்றியதன்று. அதே பாகனூர்க் கூற்றத்து மலைகளில் பிறந்தோ வளர்ந்தோ இன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு தெருவிலும் வழங்கும் இன்னொரு பெயரைப் பின்தொடர விரும்புகிறேன். நாம் நாள்தோறும் சொல்லும் சொல். சொல்லும்போது அதன் முதல் குடிகளை நினைக்காத சொல்: பள்ளி.

சோழவந்தானிலிருந்து வைகையை எதிர்த்து மேலேறினால் அணைப்பட்டி வரும். அதை ஒட்டிய மேட்டுப்பட்டியில் சித்தர்மலை நிற்கிறது. மகாலிங்கம் கோயிலுக்கு ஏறுகிற பக்தர்கள் வழியிலுள்ள குகையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். உள்ளே ஆள் நீளத்துக்கு வழவழப்பாகத் தேய்த்த பாறை. தலைமாட்டில் திண்டு போலச் சற்றே உயர்த்தி விட்ட பகுதி. ஒரு படுக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவே உளியால் இழுத்த கோடு. குகையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் பக்கவாட்டில் ஓடிவிடும்படி வெட்டிய காடி. உச்சி வெயிலில் அந்தத் தலைமாட்டில் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. கையகல மேடு, ஒருவன் தலைக்குப் போதும். அதைச் செதுக்கியவன், படுக்கப் போகிறவனின் கழுத்து நோகுமே என்று நினைத்திருக்கிறான்.

கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அது என்ன என்று கேட்டேன். "சித்தருக படுத்த எடம்ப்பா. நாங்க ஆட்டுக்குக் கெடை போடுறதுக்கு முந்தியே அவுக இங்க கெடை போட்டுட்டாக" என்றார். அவர் அறியாமலே நிகண்டைப் பேசினார். கிட என்னும் வினையிலிருந்து கிடை. ஆடு கிடக்கும் இடம். பள்ளி என்பதற்கு நிகண்டுகள் தரும் பொருள்களில் ஒன்று முல்லைநிலத்து ஊர், அதாவது ஆயர் தங்கும் சேரி. மந்தை கிடந்த இடமும் மாதவர் கிடந்த இடமும் ஒரே சொல்லில் ஒதுங்கியிருக்கின்றன.

கிடத்தல்தான் இந்தச் சொல்லின் நெஞ்சு என்று நான் கொள்கிறேன். பள்ளம், பள்ளி இரண்டையும் அகராதிகள் தனித்தனியே வைத்தாலும், பள் என்னும் தாழ்வுக் கருத்தே இரண்டுக்கும் அடி என்று கொள்வோர் உண்டு. அவர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது. காரணம் சொல்கிறேன். படு என்ற வினையைப் பாருங்கள். ஞாயிறு படும், அது தாழ்தல். உடம்பும் படும், அது கிடத்தல். ஆற்றோரத்துத் தாழ்ந்த நிலம் படுகை. உடம்பு தாழும் இடம் படுக்கை. ஒரே அடி, ஒரு ககரம் கூடினால் நிலம் கட்டிலாகிவிடுகிறது. படுகைக்கும் படுக்கைக்கும் உள்ள உறவே பள்ளத்துக்கும் பள்ளிக்கும் இருக்கலாகாதா? சோழவந்தானுக்கு எதிர்க்கரையில் தென்கரையை அடுத்து முள்ளிப்பள்ளம் என்ற ஊர் இருக்கிறது. முள்ளி மண்டிய தாழ்நிலம். அந்த ஊர்ப்பெயரைச் சொல்லி, உடனே திருச்சிராப்பள்ளி என்று சொன்னால், நாக்கு ஒரே இடத்தை இருமுறை தொடுவது தெரியும். ளகரம் இரட்டிக்கும்போது நுனிநா மேலண்ணத்தில் ஒரு நொடி தங்கிவிட்டு இறங்குகிறது. தங்கிச் செல்லுதலைக் குறிக்கும் சொல்லில் நாவும் தங்கிச் செல்வதை நான் ரசிக்கிறேன். இதைச் சான்றாக வைக்கவில்லை.

அண்டை மொழிகளும் இந்தச் சொல்லை விடவில்லை. தெலுங்கில் பல்லெ சிற்றூர்; மதனப்பள்ளி போன்ற ஊர்கள் எத்தனையோ. கன்னடத்தில் பால் ஹாலு ஆவதும் பூ ஹூவு ஆவதும் போலப் பள்ளி ஹள்ளி ஆயிற்று; தருமபுரிப் பக்கம் மாரண்டஹள்ளி என்னும்போது தமிழ்நாட்டுக்குள்ளேயே அந்த ஓசை கேட்கிறது. வடமொழியும் இதைக் கடன்கொண்டு பல்லி என்று சிற்றூருக்கு வைத்துக்கொண்டது. ஆனால் சிற்றூர் என்பதிலிருந்து சிறப்புப் பெயராக உயர்த்தியவர்கள் மதுரைப் பக்கத்து மலைகளில் தங்கிய துறவிகள்.

மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்தில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினது என்று கணிக்கப்படும் தமிழி, அதாவது தமிழ் பிராமி, எழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இராபர்ட் சிவெல் 1882-இல் அவற்றைக் கண்டார், 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இந்தக் குகை எழுத்துகள் தமிழ் பேசுகின்றன என்று காட்டினார். ஐராவதம் மகாதேவன் ஒரு வாழ்நாளை இதற்கே கொடுத்தார். நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி, கணி நந்தன் என்ற துறவிக்காகக் கொத்துவித்த இடத்தை அக்கல்வெட்டு 'பளிஇய்' என்கிறது. இரட்டிக்கும் மெய்யை ஒற்றையாக எழுதுவது அக்கால வழக்கம். இகரத்தை நீட்டி யகர ஒற்றில் நிறுத்துவதும் வழக்கம். எழுத்தைக் கூட்டிப் படித்தால் நம் பள்ளிதான். ஈராயிரத்து இருநூறு ஆண்டாகத் தேயாத சொல்.

பாகனூரும் இதில் உண்டு. நாகமலையை ஒட்டிய கொங்கர் புளியங்குளத்தில் மூன்று கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று பாகனூர்ப் பேராதன் பிட்டன் என்பவனின் கொடையைச் சொல்கிறது. குகை முகப்பில் கூரை வேய்ந்து தந்தான் என்று அறிஞர்கள் படிப்பார்கள். பின்னாளில் கூற்றத்துக்குப் பெயர்கொடுத்த பாகனூர் அதுவே என்றால், எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதன் ஒருவன் வெயிலில் காயும் துறவிகளுக்காகக் கீற்று முடைந்து கொண்டுபோயிருக்கிறான். கீற்று மக்கிவிட்டது, அவன் பெயர் கல்லில் இருக்கிறது. விக்கிரமங்கலத்து உண்டாங்கல் மலையிலும் படுக்கைகளின் ஓரத்திலேயே ஆட்பெயர்கள் வெட்டியிருக்கின்றன. குவிரன், ஆதன், பிகன் என்று, இன்று எந்தத் தாயும் பிள்ளைக்கு வைக்காத பெயர்கள்.

மேட்டுப்பட்டிச் சித்தர்மலைக் குகையிலும் கல்வெட்டு உண்டு. அதில் என்னை நிறுத்திய சொற்கள் இரண்டு. ஒன்று மதிரை, மதுரையின் பெயர் அன்று அப்படி ஒலித்திருக்கிறது. மற்றொன்று அமணன். அத்திரன் என்பவன் மதுரையைச் சேர்ந்த அமணன். சிரமணன் என்ற வடசொல் பிராகிருதத்தில் சமணன் ஆகி, தமிழின் வாசலில் சகரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அமணனாக உள்ளே வந்தது. முதலெழுத்துச் சகரத்தை இப்படி விட்டுவருவது நம் மொழி செய்த பழைய காரியம். சீசம் ஈயமாயிற்று, சந்தி அந்தியாயிற்று, சிரவணம் ஓணமாயிற்று, சிரவிட்டம் அவிட்டமாயிற்று. நான்கிலும் ஓர் ஒலி உதிர்ந்திருக்கிறது, மிச்சம் முழுத்தமிழாகிவிட்டது. அமணனுக்கு மட்டும் இன்னொன்று நேர்ந்தது. சமண மதத்தின் ஒரு பிரிவினர் ஆடை துறந்தவர்கள். துறந்தவன் போனபின் துறவு மறந்து, ஆடையின்மை மட்டும் சொல்லில் தங்கிற்று. குளித்துவிட்டு ஓடும் குழந்தையைத் துரத்திக்கொண்டு, "அம்மணமா ஓடாதடா" என்று தாய் கூப்பிடும்போது, அவள் வாயில் வருவது ஒரு முனிவனின் பெயர். இந்த ஒரு சொல்மாற்றம் எனக்கு எப்போதும் வருத்தம் தரும். எல்லாவற்றையும் விட்டவனின் பெயர் வெட்கத்தின் பெயராக ஆகியிருக்க வேண்டாம்.

பள்ளி அந்த வகையில் கொடுத்துவைத்த சொல். கெடாமல் வளர்ந்தது. மதுரைக்காஞ்சி பௌத்தர் இருக்கையையும் அந்தணர் இருக்கையையும் பள்ளி என்றே சொல்கிறது. எனவே சங்க காலத்தின் பிற்பகுதியிலேயே அது ஒரு மதத்துக்கு மட்டும் உரிய சொல் அன்று, தவம் தங்கும் எந்த இடத்துக்கும் உரியது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் இருந்த இடம் பள்ளி. அங்கிருந்துதான் அவர் கண்ணகிக்கும் கோவலனுக்கும் துணையாகப் புறப்படுகிறார். கிடக்கும் கருத்து மறக்கவில்லை. திருமால் பள்ளிகொண்டான், விடியலில் அவனுக்குப் பள்ளியெழுச்சி பாடினார்கள், இரவில் அம்மையும் அப்பனும் பள்ளியறைக்குப் போகிறார்கள். கடவுளும் மன்னனும் துயின்றால் பள்ளி, நாம் துயின்றால் படுக்கை என்று ஒரு மரியாதை ஏறிற்று. மரியாதை ஏறியதும் சொல் முன்னொட்டுப் போலப் பரவியது. இறைவன் மாலை பள்ளித்தாமம். மன்னன் வேட்டை பள்ளிவேட்டை. மன்னன் மீளாத் துயில் கொண்ட இடம் பள்ளிப்படை. மேல்பாடியில் அரிஞ்சய சோழனுக்கு இராசராசன் எடுத்த கோயில் அத்தகையது. கோயில் அடுக்களையோ மடைப்பள்ளி. புகையும் புளியோதரை மணமும் நிறைந்த அந்த இருட்டறையில் கிடப்பவர் யாருமில்லை, இருந்தும் பெயர் பள்ளி. சொல் தன் வேரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதற்கு அதுவே அடையாளம்.

இனி, படுக்கை எப்படிக் கல்விச்சாலை ஆயிற்று? சமணர் நால்வகைத் தானம் போற்றியவர்கள்: உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி. மழைக்காலத்தில் துறவிகள் அலைவதில்லை. ஈரமண்ணில் ஊரும் உயிர்கள் மிதிபடுமே என்று ஓரிடத்தில் தங்குவார்கள். தங்கினவரைத் தேடி ஊரார் வருவார்கள். வந்தவர் பிள்ளைகளைக் கூட்டிவருவார்கள். மயிலை சீனி. வேங்கடசாமி 1954-இல் எழுதிய 'சமணமும் தமிழும்' இந்தத் தானங்களை விரித்துப் பேசும். கல்வெட்டு அதற்குச் சாட்சி. கீழக்குயில்குடிச் சமணமலையில் பேச்சிப்பள்ளத்துத் திருமேனிகளின் கீழே, குறண்டித் திருக்காட்டாம்பள்ளி மாணாக்கர் செய்வித்தது என்று மீண்டும் மீண்டும் வருகிறது. மாணாக்கர் என்ற சொல்லைக் கவனியுங்கள். பக்தர் என்று அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த மலையிலேயே மாதேவிப் பெரும்பள்ளி இருந்தது. வடக்கே வந்தவாசிப் பக்கத்து விடாலில், ஆதித்த சோழன் காலத்தில் கனகவீரக் குரத்தியார் என்ற அம்மையாரிடம் 500 பிள்ளைகள் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஓர் ஆசிரியை, 500 பேர், ஒன்பதாம் நூற்றாண்டு. பள்ளி என்ற சொல் பள்ளிக்கூடமாக மாறிய நாள் எது என்று யாராவது கேட்டால், நாள் தெரியாது, விடாலுக்குப் போய்ப் பாருங்கள் என்பேன்.

அரசர் இவற்றுக்கு விட்ட இறையிலி நிலம் பள்ளிச்சந்தம். பிராமணர்க்குப் பிரமதேயம், கோயிலுக்குத் தேவதானம், பள்ளிக்குப் பள்ளிச்சந்தம் என்று நிலவழக்கே மூன்றாகப் பிரிந்திருந்தது. 1006-ஐ ஒட்டி இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை விட்டபோதும் அது பள்ளிச்சந்தமே. அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடு இப்போது நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துப் பெயரால் வழங்குகிறது.

அந்தப் பள்ளிகளுக்கு என்ன ஆயிற்று? சோழவந்தானை அடுத்த திருவேடகத்தில் ஒவ்வோர் ஆண்டும் விடை சொல்கிறார்கள். ஏடு, அகம், சமணரோடு வாதிட்டபோது சம்பந்தர் வைகையில் இட்ட ஏடு நீரை எதிர்த்து ஏறிவந்து ஒதுங்கிய இடம். சமணர் இட்ட ஏடு நீரோடு போயிற்று; தோற்ற எண்ணாயிரவர் கழுவேறினர் என்று பெரியபுராணம் பாடும். மதுரையைச் சுற்றியுள்ள மலைகளும் இந்தப் பகையின் கதைகளையே சுமக்கின்றன. சமணர் வேள்வியில் பிறப்பித்து ஏவிய பாம்பு கல்லானது நாகமலை, பசு கல்லானது பசுமலை, யானை கல்லானது ஆனைமலை. மேலக்கால் சாலையில் வரும்போதெல்லாம் தெற்கே நீண்டு கிடக்கும் நாகமலையைப் பார்த்துக்கொண்டே வருவேன். பாம்பு போலத்தான் இருக்கிறது. ஆனால் ஆனைமலையின் தமிழிக் கல்வெட்டு அம்மலையை 'இவகுன்றம்' என்கிறது. இபம் என்றால் யானை. அதாவது சம்பந்தர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அங்கே படுத்த துறவிகளே அதை யானைக்குன்று என்று அழைத்திருக்கிறார்கள். கதை பெயரைப் பெறவில்லை; பெயர்தான் கதையைப் பெற்றது. கழுவேற்றத்துக்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. அதற்கு மாறாக, ஏழாம் நூற்றாண்டு வாதுக்குப் பின் இருநூறு முந்நூறு ஆண்டுகள் கழித்தும் அச்சணந்தி என்ற சமண முனிவர் ஆனைமலையிலும் அழகர்மலையிலும் குயில்குடியிலும் தீர்த்தங்கரர் உருவங்களைச் செய்வித்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல மெல்ல ஆதரவு வற்றியது. தமிழ்ச் சமணர் இன்றும் திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிப் பக்கங்களில் வாழ்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்கள் மடம் இருக்கிறது. மதுரைச் சமவெளியில் அவர்கள் இல்லை. மலையின் படுக்கைகளைப் பஞ்சபாண்டவருக்குக் கொடுத்துவிட்டோம். தீர்த்தங்கரரைச் சில ஊர்களில் சித்தராக்கி, சில ஊர்களில் முனியாக்கி விளக்கேற்றுகிறோம். அதையும் நான் குறைசொல்ல மாட்டேன். விளக்கேற்றிய கை உடைக்கவில்லை.

சொல்லோ மலையோடு நிற்காமல் கடற்கரைக்கு இறங்கியது. கொல்லத்தில் 849-இல் சேரன் தாணு ரவியின் கீழிருந்த அய்யனடிகள், மருவான் சபீர் ஈசோ கட்டிய கிறித்தவ ஆலயத்துக்கு நிலமும் உரிமையும் தந்தார். செப்பேடு அதைத் தரிசாப்பள்ளி என்கிறது. தர்சா என்றால் பாரசீகத்தில் இறையச்சம் உடையவர், அதனால் கிறித்தவர். வட்டெழுத்தில் தொடங்கும் அந்த ஏடுகளின் முடிவில் சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அரபியில் சிலர், பாலவியில் சிலர், எபிரேய எழுத்தில் சிலர். எபிரேய எழுத்தில் இட்டவர் யூதர். நம் எழுத்தில் பள்ளி என்ற சொல்லைச் சுமந்த ஓலைக்குச் செம்பு உடுத்தி, அதன் அடியில் யூதர் பெயரெழுதி உறுதிசெய்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில் சேரன் பாஸ்கர ரவிவர்மன் 'இஸ்ஸுப்பு இரப்பான்' என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணமும் வீடுபேறு எனப்பட்ட 72 உரிமைகளும் தந்தான். யோசேப்பு ரப்பான் என்ற பெயர் வட்டெழுத்துக்குள் அமர்ந்துகொண்ட விதத்தைச் சொல்லிப் பார்க்கச் சுவையாக இருக்கும். கிழக்குக் கரையில், திருப்புல்லாணிக் கல்வெட்டொன்று பவித்திரமாணிக்கப் பட்டினத்துச் சோனகரின், அதாவது முஸ்லிம்களின், தொழுமிடத்தையும் பள்ளி என்றே குறிக்கிறது. மதுரையில் காஜிமார் தெருவில் நிற்பது பெரிய பள்ளிவாசல். வாயில் வாசலாகி, பள்ளியின் வாயில் பள்ளியையே குறித்தது. தமிழில் மசூதிக்கும் கல்விக்கும் பள்ளி நின்றுவிட, மலையாளத்தில் மாதா கோயிலும் பள்ளி, மசூதியும் பள்ளி, மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடமும் யூதப்பள்ளி. அந்தத் தெருவில் இன்று யூதர் எண்ணிக்கை விரல்களுக்குள் அடங்கும். 1948-க்குப் பின் பெரும்பாலோர் இசுரேலுக்குப் போய்விட்டார்கள். தெருவுக்கு யூதத் தெரு என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

இதே கதை செருமன் நாட்டுச் சிற்றூர்களில் உண்டு, கொடுமை வேறு. அங்கே நடந்தது புராணம் அன்று. நம் தாத்தா பாட்டி காலத்தில், நாஜிகள் பெயர்ப்பட்டியல் வைத்து நடத்திய யூதப் படுகொலை. நம் கழுக்கதையை அதனோடு ஒரு தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் பெயர்கள் எஞ்சும் முறையில் உறவு இருக்கிறது. பல நூற்றாண்டாக ஒரு யூதரும் குடியிருக்காத ஊரிலும் யூடன்காஸே, யூதர் சந்து, என்ற தெருப்பலகை இருக்கும். ரைன் ஆற்றங்கரையின் ஷ்பேயர், வோர்ம்ஸ், மைன்ஸ் மூன்றும் இடைக்கால யூதக் கல்வியின் தாயகங்கள். அவற்றின் எபிரேயப் பெயர்களான ஷ்பீரா, வர்மைசா, மாகென்சா ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து ஷூம் என்றார்கள். எபிரேயத்தில் ஷூம் என்றால் பூண்டு. பெயர் கோத்தவர்களும் சொல்லாசை பிடித்தவர்களே. 2021-இல் உலக மரபுச் சின்னமாக இவை ஏற்கப்பட்டன. வோர்ம்சில் 1034-இல் எழுந்த தொழுகைக்கூடம் 1938 நவம்பரில் எரிக்கப்பட்டது. 1961-இல் மீண்டும் கட்டி முடித்தார்கள்.

அந்தத் தொழுகைக்கூடத்தை அங்கே வாழ்ந்த யூதர் என்னவென்று அழைத்தார்கள் தெரியுமா? ஷூல். பள்ளி. இத்திஷ் மொழியில் தொழப் போகிறேன் என்பதற்குப் பள்ளிக்குப் போகிறேன் என்பார்கள். சுற்றியிருந்த செருமானியரும் யூடன்ஷூலே, யூதர் பள்ளி, என்றே எழுதிவைத்தார்கள். பிராகில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கூடம் ஒன்று இன்றும் ஆல்ட்நொய்ஷூல். பழம்புதுப் பள்ளி என்று பெயர்த்தால் அப்படியே நம் ஊர்ப்பெயர் போல இருக்கிறது. இங்கே தொழுமிடம் படிக்குமிடத்துக்குப் பெயர் தந்தது. அங்கே படிக்குமிடம் தொழுமிடத்துக்குப் பெயர் தந்தது.

சொல்லன்பரே, இன்னும் ஓர் அடி தோண்டுவோம். ஷூல் வந்தது செருமனின் ஷூலேயிலிருந்து; அது இலத்தீன் ஸ்கோலாவிலிருந்து; அது கிரேக்கத்தின் ஸ்கொலேயிலிருந்து. ஸ்கொலே என்றால் முதற்பொருள் கல்வி அன்று. ஓய்வு. உழைப்பிலிருந்து விடுபட்டவன் உட்கார்ந்து சிந்திக்கும் நேரம், பிறகு அந்தச் சிந்தனை நடக்கும் இடம், பிறகு பிள்ளைகள் சிலேட்டோடு உட்காரும் இடம். நாம் ஸ்கூல் என்று சொல்லும் சொல்லின் அடியில் ஓய்வு இருக்கிறது; பள்ளி என்று சொல்லும் சொல்லின் அடியில் படுக்கை இருக்கிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள், கிடப்பதிலிருந்து கற்பதற்கு ஒரே வழியில் நடந்து வந்திருக்கின்றன. இதை நான் கண்ட அன்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. சினகாக் என்ற கிரேக்கச் சொல்லோ கூடுகை என்று பொருள்படும். நம் பள்ளிக்கூடத்தில் அந்தக் கூடமும் இருக்கிறது.

கொலோன் நகரில் 1992-இல் குந்தர் டெம்னிக் என்ற சிற்பி நடைபாதையில் பித்தளை முகம் பதித்த சிறு கற்களை வைக்கத் தொடங்கினார். அந்தப் படுகொலைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் கடைசியாகக் குடியிருந்த வீட்டு வாசலில் ஒரு கல். அதில் பெயர், பிறந்த ஆண்டு, என்ன ஆனார் என்ற விவரம். பெரும்பாலான கற்கள் ஒரே தொடரில் தொடங்கும்: இங்கே வாழ்ந்தார். உள்ளங்கையளவுக் கல். சுத்தியலால் அடித்துப் பதித்த எழுத்து.

ஆனைமலைக் கல்வெட்டில் இவகுன்றம் என்பதை அடுத்து வரும் சொல் உறையுள். யானைக்குன்றத்து வாழிடம். இன்னார் இங்கே உறைந்தார் என்று சொல்லிவிட்டு, துறவிகளின் பெயர் தொடர்கிறது. உறை என்ற அந்த வினையை நாம் பேச்சில் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. எவரும் மதுரையில் உறைகிறேன் என்று சொல்வதில்லை. ஆனால் அரசுப் பலகைகளில் ஒரு தொடர் இருக்கிறது. வீட்டில் சோறும் இடமும் இல்லாத பிள்ளைகளுக்கு உணவும் தங்குமிடமும் கல்வியும் ஒருங்கே கொடுக்கும் நிலையத்தின் பெயர். நீல வண்ணப் பலகையில் வெள்ளை எழுத்தில், பேருந்திலிருந்தே படிக்கலாம்: உண்டு உறைவிடப் பள்ளி.